எண்ணிட்ட பிரதியும் எஞ்சிய பிரதியும்: தெருக்கலையின் திரையச்சுக்களும் வன்னியின் சுவர்களும்

தெருவிற்கெனத் தோன்றிய கலை வீட்டுக் கூடத்தின் சுவருக்கு இடம்பெயர்வது கடந்த கால் நூற்றாண்டில் உலகின் பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. இரவோடிரவாகச் சுவரில் வரைந்து மறைந்த ஓவியன், அதே உருவைத் திரையச்சாகப் பதித்து, ஒவ்வொரு பிரதியிலும் எண்ணிட்டு, ஒப்பமிட்டு, சிலவற்றில் தன் கையாலேயே வண்ணம் தீட்டி முடித்து விற்கின்றான். வாங்குவோர் அவற்றைச் சேகரிக்கின்றனர். சிலர் சுவைக்காகவும் பலர் விலையேற்றத்துக்காகவும் சேர்க்கின்றனர். இவ்வழக்கத்தை மேனாட்டார் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடலாம். ஆயின், சேகரிப்பு என்பது எதை எஞ்சவிடுவது, எதை அழியவிடுவது என்ற தெரிவேயாகும். சுவரொட்டியும் பதாகையும் நிறைந்திருந்து, பின்னர் அவற்றுள் ஏறத்தாழ எதுவுமே எஞ்சாதுபோன வன்னிப் பெருநிலத்தை அறிந்தோருக்கு இத்தெரிவு அயலானதன்று. எண்ணிட்ட பிரதிக்கும் எஞ்சிய பிரதிக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

1. அருமை என்னும் பண்டம்

திரையச்சு எளிய தொழினுட்பம். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில் ஒளியுணர் பசை பூசப்படும். உருவம் வரைந்த ஒளியூடுபுகு தாளை அதன்மேல் வைத்து ஒளிபாய்ச்சினால், ஒளிபட்ட இடம் இறுகும். படாத இடம் நீரிற் கழுவுண்டு திறக்கும். அத்திறப்பினூடாக மையை றப்பர்த் தகட்டால் இழுத்துவிட, கீழிருக்கும் தாளில் உருவம் பதியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வேண்டும். மான்செஸ்ரரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907 இல் இம்முறைக்கு உரிமம் பெற்றார். 1962 இல் அன்டி வார்ஹோல் இதனைத் தம் ஓவியங்களுக்குக் கையாண்டதன் பின்னர் விளம்பரத் தொழிலின் உத்தி கலைக்கூடத்தினுள்ளும் நுழைந்தது. நம்மூர்களில் இதே தொழினுட்பம் கல்யாண அழைப்பிதழுக்கும் கடைப் பைக்கும் விளையாட்டுக் கழகச் சட்டைக்கும் பயன்பட்டு வருவதை யாவரும் அறிவர்.

இத்தொழினுட்பத்தின் இயல்பு பெருக்கமாகும். ஒரு திரையிலிருந்து நூறும் எடுக்கலாம், ஆயிரமும் எடுக்கலாம். அவ்வாறாயின், ‘இத்தனை பிரதிகளே’ என்ற வரையறை எங்கிருந்து வந்தது? செப்புத்தட்டு அச்சில் தட்டுத் தேய்வதால் எண்ணிக்கைக்கு இயற்கையான எல்லையொன்று இருந்தது. திரையச்சில் அத்தகைய எல்லை மிக அகன்றது. எனவே, இங்கு வரையறை பொருளின் இயல்பால் வந்ததன்று. சந்தையின் தேவைக்காக விதிக்கப்பட்டது. பெருகக்கூடியதைப் பெருகவிடாது நிறுத்துவதாற் பிறக்கும் அருமையே இங்கு விலைபோகின்றது. அரசியற் பொருளியலாரின் சொற்களிற் கூறின், பயன்பெறுமதி மாறாதிருக்கப் பரிமாற்றப் பெறுமதி மட்டும் உயர்த்தப்படுகின்றது.

கைமுடிப்பும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. அச்சிட்ட தாளின்மீது ஓவியன் தூரிகையாலோ விசிறு வண்ணத்தாலோ சில கோடுகளைச் சேர்க்கின்றான். அதனால் நூறு பிரதிகளும் நூறு வேறு பொருள்களாகின்றன. இயந்திரப் பிரதியாக்கம் கலைப்பொருளின் தனித்த ஒளிவட்டத்தைச் சிதைக்கின்றது என்று வால்ரர் பென்ஜமின் 1930களின் நடுப்பகுதியில் எழுதினார். அச்சிதைவில் அவர் ஒரு விடுதலையையும் கண்டார். கைமுடிப்பு அவ்வொளிவட்டத்தை மீண்டும் ஒட்டவைக்கும் முயற்சி எனலாம். கலைஞனின் கை உண்மையாகவே புதிதாக ஒன்றைச் சொல்லும்போது அது கலையாகின்றது. கைபட்டது என்பதற்கான சான்றாக மட்டும் அமையும்போது முத்திரைக் கட்டணமாகின்றது. சேகரிப்போன் முதலிற் கேட்கவேண்டிய வினா இதுவே.

இவ்வரலாற்றின் முரண்பாட்டை இலண்டனின் ‘பிக்சர்ஸ் ஒன் வோல்ஸ்’ நிறுவனம் தெளிவாக்குகின்றது. கலைக்கூடங்களைச் சாராது தெருக்கலைஞர்களின் திரையச்சுக்களைச் சாதாரண மக்களுக்கு மலிவாக விற்பதே அதன் நோக்கமாக இருந்தது. பாங்க்சியின் ‘பலூனுடன் சிறுமி’ என்னும் உருவம் 2004 இல் ஒப்பமிட்ட 150 பிரதிகளாகவும் ஒப்பமிடாத 600 பிரதிகளாகவும் வெளிவந்தது. ஆண்டுகள் செல்ல, அப்பிரதிகள் ஏலக்கூடங்களின் பண்டங்களாயின. தாம் எதிர்த்த கலைச் சந்தையின் பகுதியாக மாற இயலாமலோ விரும்பாமலோ விலகுவதாகக் கேலியுடன் கூறி அந்நிறுவனத்தார் கடையை மூடினர். அதே உருவத்தின் துணியோவியம் 2018 ஒக்ரோபர் 5 ஆம் நாள் சொதபீஸ் ஏலத்தில் பத்து இலட்சம் பவுணுக்குச் சற்று மேற்பட்ட விலைக்கு விழுந்த கணத்திலேயே, சட்டத்தினுள் மறைத்துவைக்கப்பட்டிருந்த பொறியாற் பாதி துண்டாடப்பட்டது. சந்தையை நையாண்டி செய்த இச்செயலும் சந்தையில் விலையேற்றமாகவே முடிந்தது. 2021 ஒக்ரோபரில் அதே ஓவியம் ஏறத்தாழ 1 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு விற்பனையாயிற்று. ஏலத்தில் ஓவியம் வாங்குவோரையே எள்ளிய பாங்க்சியின் திரையச்சொன்றை, 500 பிரதிகளுள் ஒன்றை, 2021 மார்ச்சில் ஒரு குழுவினர் எரித்து, அதன் மின்பதிவை மூலத்தின் பன்மடங்கு விலைக்கு விற்றனர். எதிர்ப்பைக்கூட இருப்புச் சரக்காக மாற்றும் ஆற்றல் சந்தைக்கு உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

2. இலண்டனில் ஈழத்துத் தட்டச்சுருக்கள்

இச்சந்தையில் நம்மவர் அனுபவமும் கலந்தே உள்ளது. பின்னாளில் எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த இசைக்கலைஞரான மாயா அருள்பிரகாசம், பாடத் தொடங்குமுன் ஓவியராகவே அறிமுகமானார். 1975 இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, 1980களின் நடுப்பகுதியில் தாயுடன் அகதியாக மீண்டவர் அவர். தந்தையார் அருளர், ஈரோஸ் இயக்கத்தின் தொடக்ககாலச் செயற்பாட்டாளர். ‘லங்காராணி’ நாவலின் ஆசிரியர். சென்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியிற் பயின்ற மாயா, 2001 இல் இலண்டன் போர்ட்டபெல்லோ வீதியிலுள்ள கடையொன்றில் தமது ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். வெட்டுத் தட்டின்மீது வண்ணத்தை விசிறிப் பதித்த உருவங்கள் அவை: புலி, பனை, துப்பாக்கி, ஆயுதமேந்திய இளைஞர். இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, தின்பண்டத் தாளின் நிறங்களிலே போர்க்களம் வந்து நின்றது. ஓவியங்கள் விற்றன, வாங்கியோருள் நடிகர் ஜூட் லோவும் ஒருவர். அடுத்த ஆண்டு அவ்வோவியங்கள் சிறு நூலாகவும் வெளிவந்தன. 2005 இல் தந்தையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வெளிவந்த ‘அருளர்’ இசைத்தட்டின் உறையிலும் இவ்வகை உருக்கள் இடம்பெற்றன.

இவை எண்ணிட்ட திரையச்சுக்கள் அல்ல. எனினும் திரையச்சும் வெட்டுத் தட்டும் ஒரே கொள்கையின் இரு வடிவங்களே. அடைத்த இடம் மறைக்க, திறந்த இடம் பதிகின்றது. றோணியோப் பொறியில் மெழுகுத் தாளைச் சுற்றித் துண்டுப்பிரசுரம் எடுத்த தலைமுறையினருக்கு இக்கொள்கை புதிதன்று. தடைசெய்யப்பட்ட சொல்லை விரைவாகவும் மலிவாகவும் பலவிடத்தும் பரப்புவதற்காகவே இவ்வுத்தி அரசியலாளரால் விரும்பப்பட்டது. மாயாவின் ஓவியங்கள் இவ்வுத்தியின் அரசியல் நினைவைத் தம்முள் கொண்டிருந்தன என்பதில் ஐயமில்லை.

இவ்வோவியங்களை மதிப்பிடுவதில் இரு நிலைப்பாடுகள் உள. வன்முறையை அழகுப் பொருளாக்கின என்பது ஒன்று. இலண்டனில் எவரும் காணாதிருந்த மக்களைக் காணவைத்தன என்பது மற்றொன்று. இரண்டும் பகுதி உண்மைகளே. அகதிப் பெண்ணொருத்தி தன் மக்களின் போரைப் பெருநகரின் வணிகக் காட்சிமொழியிலேயே எழுதியமை துணிவான செயல். தின்பண்டத் தாளின் நிறங்கள் தற்செயலானவை அல்ல. தொலைக்காட்சி பார்வையாளனுக்குப் போரும் ஒரு பண்டமாகவே வந்துசேர்கின்றது என்ற விமர்சனம் அந்நிறங்களில் அடங்கியுள்ளது. இஃது அவற்றின் வலிமை. ஆனால், வெட்டுத் தட்டு முகத்தை ஒழிக்கின்றது. நிழலும் ஒளியுமாகச் சுருங்கிய இளைஞன் யார், எவ்வூரான், தானாகச் சேர்ந்தவனா, சேர்க்கப்பட்டவனா என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. அவன் குறியீடு ஆகின்றான். குறியீட்டை வாங்குவது எளிது. போர்ட்டபெல்லோ வீதியில் அவ்வுருவை வாங்கியவர் அதன் நிறத்தை உடைமையாக்கினார். அதன் பொறுப்பை அன்று. குறை ஓவியருடையது மட்டுமன்று. உருவத்தை அதன் மண்ணிலிருந்து பிரித்தே ஏற்றுக்கொள்ளும் சேகரிப்பு முறைக்கும் அதில் பங்குண்டு.

3. வன்னியில் எஞ்சாதவை

அக்காலத்தில் அம்மண்ணில் நிலைமை யாது? 1990களிலிருந்து 2009 வரை, மாறிமாறி வந்த எல்லைகளுடன், வன்னியின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் ஆளுகையில் இருந்தது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சந்திதோறும் கையால் எழுதிய பதாகைகளும் பெருந்தட்டிகளும் சுவரொட்டிகளும் நின்றன. தெருவெளி நாடகங்கள் ஊரூராகச் சென்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் தாளும் மையுமே கிடைத்தற்கரியனவாயின. வடபுலத்தில் நாளிதழ்கள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகிய காலம் அது. அங்கே பிரதிகளின் எண்ணிக்கையை விதித்தது சந்தையன்று, தடையே.

அச்சுவர்களை ஏக்கத்துடன் மட்டும் நினைவுகூர்வது திறனாய்வுக்கு அழகன்று. மேனாட்டுத் தெருக்கலைஞன் அதிகாரத்தின் சுவரில் அனுமதியின்றி வரைகின்றான். வன்னியின் சுவரில் வரைந்ததோ பெரும்பாலும் அதிகாரமே. அங்கே மறுகுரலுக்கு இடமிருக்கவில்லை. பிள்ளையைக் கட்டாயமாக இழந்த தாயின் சொல் எந்தத் தட்டியிலும் ஏறவில்லை. ஆயினும் அத்தட்டிகளை எழுதிய கைகள் கலைஞர்களின் கைகள். அவர்கள் கையாண்ட எழுத்துரு, முக வரைவு, நிறத்தேர்வு ஆகியவற்றில் சினிமாத் தட்டி மரபும் கோயிற் சித்திர மரபும் கலந்திருந்தன. ஏற்பதற்காகவன்று, ஆராய்வதற்காகவேனும் அவை எஞ்சியிருக்கவேண்டும்.

அவை எஞ்சவில்லை. 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி படையினர் வசமானது. மக்கள் பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கரையில் மே மாதம் வரை ஒடுக்கப்பட்டனர். ஒவ்வொரு இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. எஞ்சிய தாள்களும் படங்களும் சோதனைச் சாவடிகளுக்கு அஞ்சி எரிக்கப்பட்டன, புதைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் சென்றபோது, குடும்பப் படத்தொகுப்பைக் கொண்டுசென்றோரே சிலர். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில், பழைய சுவரொட்டியொன்றை வைத்திருப்பது சேகரிப்பன்று, ஆபத்து. ஓரிடத்தில் 150 பிரதிகளே அச்சிட்டு அருமை படைக்கப்பட்டது. மற்றோரிடத்தில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டும் ஒன்றும் மிஞ்சாத அருமை சுமத்தப்பட்டது. இரண்டையும் ‘அரிய பிரதி’ என ஒரே சொல்லாற் குறிப்பது மொழியின் வறுமையேயாகும்.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கவில்லை. கிளிநொச்சி நகரில், பிளந்த சீமெந்துக் கட்டியும் அதிலிருந்து மலரும் தாமரையுமாகப் படையினரின் வெற்றிச் சின்னம் எழுந்தது. போரில் வீழ்ந்த நீர்த்தாங்கி, தெற்கிலிருந்து வந்த உல்லாசப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டது; அருகே நினைவுப்பொருள் விற்பனையும் நடைபெற்றது. அழிவையே சேகரிப்புப் பொருளாக்கிய இச்செயலில், அத்தாங்கியின் நீரைக் குடித்தவர்களின் குரல் இருக்கவில்லை. 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களில் ஓவியம் தீட்டிய அலை எழுந்து வடக்கையும் எட்டியது. தெற்கின் சுவர்களிற் பல சிங்கள மன்னரின் வீரத்தையும் போர்வீரரையும் பாட, நம் பக்கத்துச் சுவர்களோ தமிழ் மரபின் அடையாளங்களைத் தேடின. அவையும் வெயிலிலும் மழையிலும் மங்கின. அவற்றை முறையாகப் பதிவுசெய்தோர் மிகச் சிலரே.

4. காசாவின் கதவு

போர்நிலத்துக் கலையைச் சந்தை தீண்டினால் நிகழ்வது யாதென்பதற்கு ஒரு சான்று காட்டலாம். 2015 பெப்ரவரியில் காசாவின் இடிபாடுகளுள் பாங்க்சி சில உருவங்களை வரைந்தார். குண்டுவீச்சில் வீடு தரைமட்டமாக, தனித்து நின்ற இரும்புக் கதவொன்றில் தலையைத் தாங்கி அழும் பெண்தெய்வத்தின் உருவம் அமைந்தது. வரைந்தவர் யாரென்றோ அதன் விலை யாதென்றோ அறியாத வீட்டுக்காரர், அக்கதவை உள்ளூர் ஓவியர் ஒருவருக்கு இருநூறு டொலருக்கும் குறைந்த தொகைக்கு விற்றார். உண்மை அறிந்தபின் முறையிட்டார். பொலிஸார் கதவைக் கையகப்படுத்தினர்.

இந்நிகழ்ச்சியில் கள்வன் யாரெனத் தீர்ப்பது எளிதன்று. காப்பாற்றுவதற்கே வாங்கியதாக வாங்கியவர் கூறினார். எனினும் ஒன்று தெளிவு. கதவு கதவாக இருந்தபோது வீட்டுக்காரருடையது. கலையானபோது அவரறியாமலே வேறெவருடையதோ ஆகிவிட்டது. அழிவு அவருடையது, பெறுமதி பிறருடையது. வன்னியின் இடிந்த சுவர்களுக்கும் நாளை இவ்வாறான ‘கண்டுபிடிப்பு’ நேரலாம். அன்று அறிவும் பதிவும் நம்மிடம் இல்லையாயின், நாமும் அவ்வீட்டுக்காரரின் நிலையிலேயே நிற்போம்.

5. ஒரே பிரதியின் கண்காட்சி

2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது தொடர்ந்தது. அக்கொட்டகைகளில் வரிசையாகத் தொங்கிய படங்களைத் தெருக்கலை என்று அழைக்க மனம் கூசுகின்றது. அவற்றை ஏந்தியோர் கலை செய்ய வந்தவர்கள் அல்லர். ஆயினும் வன்னியின் தெருவில் மிக நீண்டகாலம் நின்ற காட்சியுருக்கள் அவையே என்பதைத் திறனாய்வாளன் மறுக்கவியலாது.

இப்படங்களைச் சற்று நின்று நோக்குதல் தகும். பாடசாலைக் குழுப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்ததால் கலங்கிய கண்கள். கல்யாணப் படத்தில் மணமகனை மட்டும் விட்டு, தோளிற் கிடந்த மாலையின் பாதியுடன் பிரித்தெடுத்த உருவம். கீழே பெயர், வயது, கடைசியாகக் கண்ட நாள், கண்ட இடம். பொலித்தீன் உறையிட்ட பிரதி வெயிலில் வெளிற, மீண்டும் பிரதி எடுக்கப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் முகம் சிறிது மங்குகின்றது. கையிலிருக்கும் ஒற்றைப் படத்திலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஆனால் எந்தத் தாயும் இரண்டு முகங்களை ஒன்றெனக் கொள்ளமாட்டாள். இங்கே தாயின் கையெழுத்தே கைமுடிப்பு. சந்தையின் கைமுடிப்பு, பிரதி மூலத்துக்கு நிகர் என நம்பவைக்க முயல்கின்றது. இத்தாயின் கைமுடிப்போ, பிரதி மூலத்துக்கு ஒருநாளும் நிகராகாது, மூலத்தைத் தாருங்கள் எனக் கேட்கின்றது. இவ்வளவில், மாயாவின் தட்டச்சுரு ஒழித்த முகத்தை இத்தாய்மார் மீட்டுத் தருகின்றனர் எனலாம். போரின் காட்சிமொழி குறியீட்டிலிருந்து பெயருக்குத் திரும்பியமை இங்கேதான் நிகழ்ந்தது.

இவற்றைச் சேகரிக்கலாமா? விலைகொடுத்து வாங்கலாகாது என்பதில் ஐயமில்லை. அவை கேள்வியின் பகுதி. கேள்விக்கு விடை வருமுன் அதனை அருங்காட்சிக்குள் வைப்பது கேள்வியை முடித்துவைப்பதாகும். ஆயின் பதிவுசெய்யாது விடுவதும் மறதிக்குத் துணைபோவதே. படங்களை ஏந்திய தாய் தந்தையருட் பலர் விடை பெறாமலே இறந்துவிட்டனர்.

6. சேகரிப்பின் அறம்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சேகரிப்புப் பற்றிய மாற்றுக் கருத்தொன்று பெறப்படுகின்றது. சந்தையின் சேகரிப்பு ‘எத்தனையுள் ஒன்று’ எனக் கேட்கின்றது. நமக்கு வேண்டிய சேகரிப்பு ‘எவ்விடத்து, எக்காலத்து, யார் பொருட்டு’ எனக் கேட்கவேண்டும். இதற்கு முன்மாதிரிகள் இல்லாமலில்லை. தா. சனாதனன் இடம்பெயர்ந்தோரிடம் அவர்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச்செய்து, அதனைக் கட்டடக்கலைஞரின் வரைபடத்துடனும் தமது ஓவியத்துடனும் இணைத்து 2011 இல் ஆக்கிய ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் நூல், சேகரிப்பே கலையாகும் என்பதற்குச் சான்று. அங்கே உடைமை ஓவியருடையதாகி விடவில்லை. ஒவ்வொரு பக்கமும் வீட்டை இழந்தவருடையதாகவே நிற்கின்றது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம், நூல்களோடு துண்டுப்பிரசுரங்களையும் காத்து எவர்க்கும் இலவசமாகத் திறந்துவைத்துள்ளது. எண்ணிட்டுப் பூட்டிவைப்பதற்கு நேரெதிரான வழி இது.

பல்கலைக்கழகங்களுக்கு இதிற் பெரும் பொறுப்புண்டு. 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவும், கிளிநொச்சி அறிவியல் நகரிற் பீடங்களைக் கொண்ட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இம்மண்ணிலேயே உள்ளன. மாணவர் செய்யத்தக்கன சில. சுவரோவியம் எழுந்த நாளிலேயே படமெடுத்து இடமும் காலமும் குறித்தல். முன்னர் தட்டி எழுதிய கைகளைத் தேடி, அவர்கள் விரும்பின் மட்டும், பெயர் மறைத்தேனும் அவர்களது தொழிலறிவைப் பதிதல். உறவினரின் இசைவுடன் அவர்களது படங்களின் வரலாற்றை எழுதுதல். திரையச்சுப் பட்டறை ஒன்றை நிறுவி, வரையறையின்றி அச்சிட்டு, ஊர்தோறும் வாசிகசாலைகளுக்குக் கொடுத்தல். மலிவாகப் பெருகுவதே திரையச்சின் பிறப்புரிமை. அதனை அதற்கே திருப்பிக் கொடுத்தல் நற்பணியாகும்.

தனிமனிதர் எண்ணிட்ட பிரதியை வாங்குவதைக் குற்றமெனக் கொள்ளவேண்டியதில்லை. நல்ல கலைஞனுக்கு ஊதியம் வேண்டும். நல்ல படம் வீட்டில் இருத்தலும் வேண்டும். ஆனால் வாங்கிய தாளின் மூலையிலுள்ள எண் எதை மறைக்கின்றது என்பதைச் சுவைஞன் அறிந்திருத்தல் அவசியம். பிரதிகளைக் குறைத்து உயர்த்திய பெறுமதி ஒரு தலைமுறைச் செல்வரோடு முடிந்துவிடும். வன்னியின் சுவரிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் இன்று நாம் எடுக்கும் ஒவ்வொரு பிரதியும், நாளை ஒருவர் சாட்சி கேட்கும்போது காட்டுவதற்கு உதவும்.